நாலு குழுவுக்கும் ஒரே பிள்ளை

நான் படிப்பிக்கிற பள்ளிக்கூடத்தை வெள்ளைக்காரப் பாதிரிமார் கட்டினார்கள். வாசலில் சிலுவை இருக்கிறது. மண்டபத்தில் கறையான் அரித்த ஓர்கன் ஒன்று இருக்கிறது. காலைக் கூட்டத்தில் ஞானப்பாட்டும் வேத வசனமும் தவறுவதில்லை. கிறிஸ்தவப் பிள்ளைகள்தான் இல்லை. இருந்த குடும்பங்கள் கொழும்புக்கும் கனடாவுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டன. நான் சொல்லப்போகிற வருடம் நாலாம் ஆண்டில் முப்பத்தைந்து சைவப் பிள்ளைகள். கிறிஸ்தவப் பிள்ளை ஒருத்தி. நான் கிறிஸ்தவ பாட ஆசிரியை, ஆகவே அவள்தான் என் வகுப்பு.

சமய பாடவேளைக்கு மணி அடித்தால் மற்றவர்கள் இருந்த இடத்தில் இருப்பார்கள். அவள் மட்டும் பையைத் தூக்கிக்கொண்டு, உடைந்த வாங்குகள் போட்டு வைக்கிற பக்கத்து அறைக்கு வருவாள். அங்கே ஒரு மேசை, அவள், நான்.

கொழும்பிலிருந்து வருகிற ஆசிரியர் வழிகாட்டிக்கு இந்தக் கதையெல்லாம் தெரியாது. எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் மாணவரை நாலு குழுவாகப் பிரிக்கச் சொல்லும். நான் எங்கே போய்ப் பிரிக்க? தலை ஒரு குழு, கால் ஒரு குழுவா? குழுவாகக் கலந்து பேசி, தலைவரைத் தெரிவுசெய்து, முடிவை வகுப்புக்கு முன்னால் சமர்ப்பிக்க வேண்டுமாம். அவளும் பாவம், கண்ணை மூடித் தன்னோடு தானே கலந்து பேசுவாள், தன்னையே தலைவராகத் தெரிவுசெய்வாள், எழும்பி வந்து எனக்குச் சமர்ப்பிப்பாள். நான் கை தட்டுவேன். வேதத்தில் வருகிற கலியாண வீட்டுக் கதையை நடித்த அன்று அவள் மாப்பிள்ளை, நான் பொம்பிளை. விருந்துக்கு வந்திருந்தவை அந்த உடைந்த வாங்குகள்.

சுவருக்கு அந்தப் பக்கம் சைவ வகுப்பு. முப்பத்தைந்து தொண்டைகள் சேர்ந்து தேவாரம் பாடும். பிறகு ஒரு பெரிய சிரிப்பு எழும்பும். அவள் பென்சிலைக் கடித்தபடி சுவரைப் பார்ப்பாள்.

"அங்கை என்ன பகிடி, ரீச்சர்?"

"எனக்கென்ன தெரியும்? நீ வசனத்தைப் பார்."

எனக்கும் அறிய ஆசையாகத்தான் இருந்தது.

இரண்டாம் தவணை முடிகிற நேரம் பிள்ளையின் தாய் வந்தாள். ஸ்கூட்டியை நிறுத்தி, ஹெல்மெட்டைக் கழற்றாமலே கதைத்தாள். "ரீச்சர், குறை நினையாதேங்கோ. சமய பாடம் இருக்கிற நாளிலை பிள்ளை வயித்துக்குத்து எண்டு படுத்திருக்கிறாள். அந்த அறையிலை தனிய இருக்க ஏலாதாம், அழுகிறாள். ரவுணிலை ஒரு பள்ளிக்கூடத்திலை கிறிஸ்தவப் பிள்ளையள் கனபேர் இருக்கினம். அடுத்த தவணைக்கு அங்கை சேர்ப்பம் எண்டு இவர் சொல்லுறார். வியாழக்கிழமை பின்னேரம் வந்து விடுகைப் பத்திரம் கேக்கப் போறன்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரில் கோபிப்பது என்றுதான் தெரியவில்லை. நேரே அதிபரிடம் போனேன். அவர் வாட்ஸ்அப்பிலிருந்து தலையை நிமிர்த்தாமல், "பிள்ளை போனால் பாடமும் இல்லைத்தானே, ரீச்சர். உங்களுக்கு உடற்கல்வி தரலாம்" என்றார். நல்ல கதை. மாடிப்படி ஏறவே கெஞ்சிக் கேட்கிற முழங்காலை வைத்துக்கொண்டு நான் பிள்ளைகளுக்குத் துள்ளிக் காட்டுகிறதா? ஆனால் அன்றிரவு நித்திரை வராமல் கிடந்ததற்கு உடற்கல்வி காரணமில்லை. அந்தப் பிள்ளையில் எனக்கு உயிர். அவள் அழுகிறாள் என்பது எனக்கு ஒருநாளும் தெரியாமல் இருந்திருக்கிறது.

போதாக்குறைக்கு, அதே வியாழக்கிழமை காலை வலயக் கல்வி அலுவலகத்திலிருந்து பாட ஆலோசகர் வருகிறார் என்று செய்தி வந்தது. அவர் பார்க்க விரும்பியது குழுச் செயற்பாடாம்.

சைவ பாட ஆசிரியையும் நானும் மத்தியானச் சாப்பாட்டை ஒன்றாகத்தான் பிரிப்போம். நீறு பூசாமல் வீட்டுப் படலை தாண்டாத மனுசி. ஆனால் காலைக் கூட்டத்தில் ஞானப்பாட்டின் மேல் சுருதியை எட்டிப் பிடிக்க எங்கள் பள்ளிக்கூடத்தில் அவளை விட்டால் ஆள் இல்லை. அவளிடம் எல்லாவற்றையும் கொட்டினேன்.

"உதுக்கு ஏன் மூஞ்சையைத் தொங்கப் போடுறீர்?" என்றாள். "என்ரை வகுப்பிலை இருந்து பிள்ளையளைக் கொண்டு போமன். எத்தினை பேர் வேணும்?"

"ஒரு ஆறு பேர்."

"ஏழாய் எடும். அந்த ஆட்டுக்காரியையும் கூட்டிக்கொண்டு போம். எனக்கும் ஒருநாள் காது ஆறும்." பிறகு புட்டைப் பிசைந்தபடி, "ஆனால் நெத்தியிலை கை வைக்கக் கூடாது, சொல்லிப்போட்டன்" என்றாள்.

"ஆர் கை வைச்சது? நீறோடையே வரட்டும்."

மனுசி கெட்டிக்காரி. வகுப்பில் வாய் கூடின ஏழு பேரையும் பொறுக்கி எடுத்து என் தலையில் கட்டிவிட்டாள். அவர்களில் முதலாவது ஆள் அந்த ஆட்டுக்காரி. வீட்டில் ஆடு வளர்க்கிறபடியால் அந்தப் பெயர். இரட்டைப் பின்னல், முன்பல் ஒன்று இல்லை, எதற்கும் ஒரு மறுப்பு கைவசம் இருக்கும்.

ஆலோசகர் பின்னால் ஒரு வாங்கில் அமர்ந்தார். அது ஒரு பக்கம் சரிந்தது, அவரும் கூடச் சரிந்து நிமிர்ந்தார். நான் பாடத்தைத் தொடங்கினேன். ஒரு மேய்ப்பனுக்கு நூறு ஆடு. ஒன்று காணாமற் போய்விட்டது. மற்றதுகளை வெளியில் விட்டுவிட்டு அந்த ஒன்றைத் தேடிப் போகிறான். வாழ்க்கையிலேயே முதல்முறையாகப் பிள்ளைகளை நாலு குழுவாகப் பிரித்தேன், இரண்டிரண்டு பேராக. என் பிள்ளைக்குப் பக்கத்தில் ஆட்டுக்காரி. மேய்ப்பன் செய்தது சரியா என்று கலந்து பேசச் சொன்னேன்.

ஆட்டுக்காரி கலந்து பேசவில்லை. நேரே எழும்பினாள்.

"பிழை, ரீச்சர்."

"ஏன் பிழை?"

"தொண்ணூற்றொன்பதையும் ஆரிட்டை விட்டிட்டுப் போனவர்? எங்கடை வீட்டிலை நாலு ஆடுதான். ஒருநாள் கயிறு அவிழ்ந்து பக்கத்துத் தோட்டத்துக் கோவா இலை முழுக்கத் திண்டு முடிச்சுப் போட்டுதுகள். அந்த மாமா படலையிலை வந்து நிண்டு பேசின பேச்சு. தொண்ணூற்றொன்பது எண்டால் ஊரிலை ஒரு கோவா மிஞ்சாது."

வேலி அடைத்திருந்தால் என்று ஒருத்தன் கேட்டான். ஆட்டுக்கு வேலி எந்த மூலைக்கு என்று இன்னொருத்தன் எழும்பினான். மேய்ப்பனுக்கு மனுசி இல்லையோ, அவ பார்க்கலாந்தானே என்றது மூன்றாம் குழு. நான் மேசையில் தட்டுகிறேன், ஒருவரும் கேட்கிறார்களில்லை. சரி, ஆலோசகர் அடக்குவார் என்று பார்த்தால் அவர் எழும்பியேவிட்டார்.

"அந்தப் பிள்ளை சொல்லுறதிலை ஞாயம் இருக்கு" என்றார். "நான் தென்மராட்சி. எங்கடை வீட்டுக் கிடாய் ஒண்டு ஒருக்கால் அறுத்துக்கொண்டு போய்..." கிடாயின் சரித்திரம் நீண்டது. வழிகாட்டியில் பத்து நிமிடம் போட்டிருந்த செயற்பாடு பாதிப் பாடவேளையைத் தின்றுவிட்டது.

அந்தச் சத்தத்துக்குள் என் பிள்ளை எழும்பினாள். மெல்லத்தான் சொன்னாள். எல்லோரும் திரும்பினார்கள்.

"அவர் போனது சரி. தொண்ணூற்றொன்பதுக்கும் ஒண்டுக்கு ஒண்டு துணை இருக்கு. தனிய நிக்கிற ஆட்டுக்குத்தான் பயம்."

நான் வழிகாட்டியை விரித்து முகத்துக்கு நேரே பிடித்துக்கொண்டேன்.

ஆட்டுக்காரி கொஞ்சம் யோசித்தாள். பிறகு அவளைப் பார்த்து, "அப்ப நீ போய்த் தேடு. நான் மற்றதுகளைப் பாக்கிறன்" என்றாள். இரண்டு பேரும் அமர்ந்து, தேடப் போகிறவள் எவ்வளவு நேரத்துக்குள் திரும்ப வேண்டும் என்று பேரம் பேசத் தொடங்கினார்கள்.

கடைசியில் ஆலோசகர் சுற்றிவரக் கேள்வி கேட்டுப் புள்ளி போட்டார். சைவப் பிள்ளைகள்தானே, திணறுவார்கள் என்று நான் நினைத்திருந்தேன். எங்கே? முதலாம் ஆண்டிலிருந்து காலைக் கூட்டத்தில் கேட்டு வளர்ந்ததுகள், வசனங்களைத் தண்ணீர்பட்டபாடாகச் சொன்னார்கள். ஆட்டுக்காரி எல்லோரையும் முந்திவிட்டாள். என் பாடத்தில், என் பிள்ளையை, நெற்றியில் மூன்று நீற்றுக் குறியோடு வந்த ஒருத்தி முந்துவதா? உள்ளுக்குள் எனக்குக் கொஞ்சம் எரிந்தது. ஆலோசகர் அந்த ஏழு நெற்றிகளையும் பார்த்து, பிறகு என்னைப் பார்த்தார்.

"ரீச்சர், உங்கடை வகுப்பிலை எத்தினை பேர்?"

"கிறிஸ்தவம் ஓராள், சேர். மிச்சம் உங்களுக்கே தெரியுது."

"தெரியுது, தெரியுது" என்றார். "விரும்பி வந்து இருக்கிற பிள்ளையளை ஏன் எழுப்புவான்? சைவ ரீச்சருக்குச் சம்மதமெண்டால் கிழமையிலை ஒருநாள் இப்பிடியே நடத்துங்கோ. நான் அடுத்தமுறை வாற நேரம் ஆட்டுக்காரி இருக்கவேணும்."

பின்னேரம் தாய் சொன்னபடி வந்தாள். நான் படலையடியில் போய் நின்றேன். ஆலோசகர் சொன்னதை எப்படித் தொடங்குவது என்று யோசித்துக்கொண்டு நிற்க, பிள்ளை ஆட்டுக்காரியின் கையைப் பிடித்துக்கொண்டு ஓடிவந்தாள்.

"அம்மா, இண்டைக்குப் புள்ளியிலை நான் ரெண்டாம் பிள்ளை."

"எத்தினை பேரிலை?"

"எட்டுப் பேரிலை." சொல்லும்போதே முகமெல்லாம் சிரிப்பு.

தாய் என்னைப் பார்த்தாள், மற்ற ஆறு பேரும் நெற்றியில் நீறோடு தள்ளுப்பட்டுக்கொண்டு வெளியே போவதைப் பார்த்தாள். விடுகைப் பத்திரம் என்ற சொல்லே வரவில்லை. பிள்ளையைப் பின்னால் ஏற்றிக்கொண்டு, "அடுத்தமுறை முதலாம் பிள்ளையாய் வரவேணும், என்ன?" என்றாள்.

"ஏலாது, அம்மா" என்றாள் பிள்ளை, பெருமையாக. "அவள் என்னிலும் கெட்டிக்காரி."