கலைமணியின் ஈறு

ஏரியூருக்குப் பக்கத்துக் கிராமமொன்றில் கலைமணி அங்கன்வாடி டீச்சர். வயது நாற்பத்தொன்று. பிள்ளைகளை மடியில் போட்டுக்கொண்டு, முகத்தோடு முகம் வைத்துக் கதை சொல்வாள். முட்டை வேண்டாமென்று அடம்பிடிக்கிற பிள்ளைகூடப் பாதிக் கதையில் வாயைத் திறந்துவிடும்.

போன ஆடியில் பல் துலக்கும்போது ரத்தம் வந்தது. ஈறு புண்ணாகிவிட்டது, தேய்க்காமல் விட்டால் ஆறிவிடும் என்று அவளாகவே முடிவு செய்து பிரஷ்ஷைத் தூக்கி வைத்துவிட்டாள். உப்புத் தண்ணீரில் கொப்பளித்ததோடு சரி. ஆறவில்லை. ஈறு சிவந்து தடித்தது. ஐப்பசிக்குள் கீழ்ப்பல் ஒன்று நாக்குப் பட்டாலே ஆடியது. ஒருநாள் கதைக்கு நடுவில், மடியிலிருந்த நான்கு வயதுக் காவேரி மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"டீச்சர், உங்க வாயி நாறுது."

அன்றிலிருந்து கலைமணி எட்ட உட்கார்ந்து கதை சொன்னாள். வீட்டிலும் அப்படியே ஆனாள். கணவன் நவநீதன் எதைக் கேட்டாலும் முந்தானையால் வாயை மூடிக்கொண்டுதான் பதில். படுக்கும்போது சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டாள்.

அவனுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. ஒரு மாதம் பொறுத்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை களத்தில் இருவரும் கேழ்வரகு தூற்றிக்கொண்டிருந்தபோது முறத்தைக் கீழே வைத்தான்.

"எம்மேல என்னா கோவம் உனக்கு?"

"கோவமெல்லாம் ஒண்ணுமில்லீங்க."

"அப்பறம் எதுக்கு மூஞ்சத் திருப்பிக்கிற?"

அவள் அழுதுவிட்டாள். பிறகு வாயைத் திறந்து காட்டினாள். அவளை வெயிலுக்கு நேராகத் திருப்பி, கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவன் வெகுநேரம் பார்த்தான்.

"இத வெச்சிக்கிட்டா இத்தன நாளா சோறு தின்ன?"

மறுநாளே பென்னாகரத்துக்குக் கூட்டிப் போனான். பல் டாக்டர் பிரியதர்ஷினி மெல்லிய கம்பியால் ஈறுகளைத் தொட்டுப் பார்த்தார். தொட்ட இடமெல்லாம் ரத்தம்.

"ஒடம்புல ஏதோ கெட்டுப்போச்சுங்களா?" என்று கலைமணி கேட்டாள்.

"கெட்டுப்போகல. உங்க ஈறு முழிச்சிக்கிட்டு இருக்கு. பல் இடுக்குல கிருமி சேர்ந்தா, ஈறோட மேல்தோல்ல இருக்கிற செல்லுங்க அத அடையாளம் கண்டுக்கும். உடனே ரத்தத்துக்குச் சேதி அனுப்பும். அங்கிருந்து வெள்ளையணுக்கள் கூட்டமா வரும். அதுங்க வர்றதுக்கு ரத்தக்குழாய் விரிஞ்சு குடுக்கும். அதான் இந்தச் செவப்பு, வீக்கம், ரத்தம் எல்லாம்."

"அப்ப நல்லதுதானுங்களே?"

"கிருமி போற வரைக்கும் நல்லது. நீங்க தேய்க்கறத விட்டுட்டீங்க. அந்தக் கிருமிப் படிவு பல்லுமேல காறையா கெட்டியாகி, ஈறுக்கு அடியிலயும் உக்காந்துக்கிச்சு. செல்லுங்களும் ஓயாம சேதி அனுப்பிக்கிட்டே இருக்கு. இத்தன மாச சண்டையில, பல்லத் தாங்குற எலும்பே கரைய ஆரம்பிச்சிருச்சு."

கலைமணிக்குத் தன் உடம்பின் மேலேயே இரக்கம் வந்தது. வெட்கப்பட்டு மூடி வைத்திருந்த இடத்தில் அது இத்தனை நாளும் அவளுக்காகப் பாடுபட்டிருக்கிறது. உதவ வேண்டியவள் கையை எடுத்துக்கொண்டாள்.

வாரம் ஒருமுறை, மரத்துப்போக ஊசி போட்டு ஈறுக்கடியில் சுரண்டிச் சுத்தம் செய்தார்கள். ஆடிய பல்லைக் காப்பாற்ற முடியவில்லை. அதைப் பிடுங்கிய அன்று நவநீதன் கூழை ஆற்றிக் கொடுத்தான். மறுபடி பிரஷ்ஷை எடுத்த முதல் நாட்களில் ரத்தத்தைப் பார்த்ததும் அவள் கை நின்றுவிடும். "தேயி, தேயி, டாக்டரு சொன்னாங்கல்ல" என்று அவன் சொம்போடு பக்கத்தில் நிற்பான்.

இரண்டு மாதம் கழித்து டாக்டர் மறுபடி தொட்டுப் பார்த்தார். இரண்டே இடத்தில்தான் ரத்தம் கசிந்தது.

"அடங்கிருச்சுங்க. கரைஞ்ச எலும்பு முழுசா திரும்பாது. இனிமே கரையாம பாத்துக்கலாம். மூணு மாசத்துக்கு ஒருக்கா வந்துருங்க."

திரும்பும் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. கலைமணி கணவன் பக்கம் நன்றாகத் திரும்பி உட்கார்ந்து, சேர்த்து வைத்திருந்த அங்கன்வாடி சங்கதிகளையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். அவன் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான். இறங்க வேண்டிய நிறுத்தத்தைத் தாண்டிவிட்டதை இருவருமே கவனிக்கவில்லை. அடுத்த நிறுத்தத்தில்தான் இறங்கினார்கள்.

"நடந்தே போயிரலாங்க, வூடு என்னா தூரமா?" என்றாள் கலைமணி.