நான் அணைத்த மஞ்சள் விளக்கு

காலை ஏழு மணி பதினெட்டு நிமிடம். திங்கட்கிழமை. ஏழரைக்கு ராகு காலம் தொடங்கிவிடும் என்பதால் எழுந்ததிலிருந்தே என் கண் கடிகாரத்தை விட்டு நகரவில்லை. அதனால்தான் அந்த நேரம் இப்படி நினைவில் நிற்கிறது. காரின் சாவியைத் திருப்பினேன். முகப்பில் எல்லா விளக்குகளும் ஒருமுறை எரிந்து, ஒவ்வொன்றாக அணைந்தன. ஒன்று மட்டும் அணையவில்லை. மஞ்சள் நிறத்தில், அடி தட்டையான கிண்ணம் ஒன்றின் நடுவே ஆச்சரியக்குறி போட்டது போன்ற படம். டயரில் காற்று குறைந்திருக்கிறது என்று அர்த்தம்.

அன்றுதான் என் மகள் முதல் வேலைக்குப் போகிறாள். சுங்குவார்சத்திரம் பக்கம் ஒரு கம்பெனி. செவிலிமேட்டில் எங்கள் வீட்டிலிருந்து காரில் ஒரு மணி நேரத்துக்குமேல் ஆகாது. கம்பெனி வேன் உண்டு. ஆனால் முதல் நாள் தானே ஓட்டிக்கொண்டு போய் இறங்க வேண்டும் என்று அவளுக்கு ஆசை. அவள் அப்பா சென்னையில் வேலை செய்கிறார். விடியற்காலை ரயிலுக்குப் போய்விடுவார். ஆகவே வீட்டில் நாங்கள் இருவர்தான். அவள் உள்ளே தலை வாரிக்கொண்டிருந்தாள். நான் காரை வெளியே எடுத்துத் தெருவில் கிழக்குப் பார்த்து நிறுத்தினேன். சூடம் காட்டி, நான்கு சக்கரத்துக்கு அடியிலும் எலுமிச்சம்பழம் வைக்க வேண்டும். புது வண்டிக்குத்தான் அதைச் செய்வார்கள். ஆனாலும் முதல் வேலை, முதல் நாள், பெண் பிள்ளை தனியாகப் போகிறாள் என்று என் மனம் கேட்கவில்லை.

அந்த விளக்கு எங்களுக்குப் புதிதில்லை. போன வருடம் ஒரு டயரை மட்டும் மாற்றினோம். அதன் பிறகு அடிக்கடி எரிய ஆரம்பித்தது. பாலாற்றுப் பக்கம் சாலை தோண்டிப் போட்டிருந்தபோது ஒருமுறை எரிந்தது. சுமையை எல்லாம் ஒரே பக்கம் ஏற்றிக்கொண்டு திருப்புட்குழிக் கோயிலுக்குப் போனபோது ஒருமுறை. எந்த டயர் என்று அது சொல்லாது. எரியும்போதெல்லாம் நான் வண்டியை நிறுத்தச் சொல்வேன். பெட்ரோல் பங்க்கில் அளந்து பார்த்தால் நான்கிலும் காற்று சரியாக இருக்கும். மகள் சிரிப்பாள். "இந்த வண்டிக்கு எதுக்குமா லைட்டு? அதான் நீ உக்காந்துக்கினு இருக்கியே," என்பாள். ஒருநாள் டயர் கடைக்காரர் காற்று அடித்து முடித்ததும், ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கும் ஒரு சிறிய பொத்தானை அழுத்திப் பிடித்தார். 'பீப்' என்று ஒரு சத்தம். விளக்கு அணைந்துவிட்டது. அதை நான் பார்த்து வைத்துக்கொண்டேன்.

அன்று காலை காரை விட்டு இறங்கி டயர்களைப் பார்த்தேன். பார்க்கவே இல்லை என்று யாரும் சொல்லிவிட முடியாது. ஒவ்வொரு சக்கரத்தின் பக்கத்திலும் குனிந்து எலுமிச்சம்பழம் வைத்தேன். கட்டை விரலால் அழுத்தியும் பார்த்தேன். நான்கும் ஒன்று போலத்தான் இருந்தன. இந்தக் காலத்து டயர்கள் காற்று குறைந்தாலும் நன்றாகக் குறையும் வரை கண்ணுக்குத் தெரியாதாம். அது எனக்குப் பிறகுதான் தெரிந்தது.

மணி ஏழு இருபத்து மூன்று. பங்க்குக்குப் போய்த் திரும்பினால் ராகு காலம் வந்துவிடும். கிளம்பிய வண்டி திரும்பி வருவதும் நல்ல சகுனம் இல்லை. எல்லாவற்றுக்கும் மேலாக, முதல் நாள் அவள் உட்கார்ந்ததும் எதிரே ஓர் எச்சரிக்கை விளக்கு எரிவதை என்னால் ஏற்க முடியவில்லை. இதற்கு முன் எத்தனையோ முறை பயந்திருக்கிறேன், ஒன்றும் இருந்ததில்லை. இந்த ஒருமுறை பயப்படாமல் இருப்போமே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உள்ளே கை விட்டுப் பொத்தானை அழுத்திப் பிடித்தேன். பீப். விளக்கு அணைந்தது. பிறகு சூடம் ஏற்றினேன்.

என் அப்பா நெசவாளர். பாவில் ஓர் இழை அறுந்தால் தறியை நிறுத்தி அதைப் பிணைக்காமல் அடுத்த குறுக்கு இழை போடமாட்டார். நல்ல நேரம், கெட்ட நேரம் எல்லாம் தறியில் உட்காருவதற்கு முன்புதான் பார்ப்பார். அந்த வீட்டில் வளர்ந்தவள் நான்.

மகள் வந்தாள். திருநீறு வைத்துவிட்டேன். "ஹைவேல போவாத. வாலாஜாபாத் வழியா போ. ஓட்டும்போது போன் எடுக்காத. நானே பண்ணாலும் எடுக்காத," என்றேன்.

"சரிமா. நீ பண்ணாம இருந்தாலே போதும்," என்றாள்.

எலுமிச்சம்பழங்கள் நசுங்கின. கார் தெருமுனையில் திரும்பியது. ராகு காலத்துக்கு இன்னும் இரண்டு நிமிடம் இருந்தது. மனம் நிறைந்திருந்தது.

அவள் அப்பா ரயிலிலிருந்து கூப்பிட்டார். "கெளம்பிட்டாளா?"

"ஏழரைக்கு முன்னாடியே அனுப்பிட்டேங்க. காலைல பாருங்க, அந்த மஞ்ச லைட்டு எரிஞ்சிக்கினு இருந்தது. புள்ள மொத நாள் போவும்போது அத பாக்கணுமான்னு நானே அமுக்கி அணைச்சிட்டேன்."

பெருமையாகத்தான் சொன்னேன்.

"காத்து அடிச்சியா?"

"இல்லீங்க. டயரெல்லாம் பாத்தேன். நல்லாதான் இருந்தது."

"காத்து அடிச்சிட்டுதான்மா அத அமுக்கணும்." கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் எனக்குப் பயமாக இருந்தது. "நம்ம வண்டியில டயர் உள்ள காத்த அளக்கற மிஷினு கெடையாது. காத்து கொறஞ்சா அந்தச் சக்கரம் துளி சின்னதாயிடும். சின்ன சக்கரம் மத்ததவிட வேகமா சுத்தும் இல்ல? அந்த வித்தியாசத்த வெச்சிதான் வண்டி கண்டுபுடிக்குது. நீ பட்டன அமுக்கனா, இப்ப நாலும் எப்பிடி சுத்துதோ அதான் சரின்னு எடுத்துக்கும்."

"அப்ப திரும்பவும் எரியாதா?"

"புதுசா கத்துக்கறதுக்கு அதுக்குக் கொஞ்ச தூரம் ஓடணும். அதுக்குள்ள இன்னும் எறங்கனாலும் அதையும் சேத்துதான் கத்துக்கும். நீ அவளுக்கு போன் போடு. ஓரமா நிறுத்தச் சொல்லு."

போட்டேன். எடுக்கவில்லை. மறுபடி போட்டேன். அவள் எடுக்கமாட்டாள் என்று எனக்குத் தெரியும். எத்தனையோ விஷயத்தில் என் பேச்சைக் கேட்காத பெண், இதில் மட்டும் கேட்பாள். அவள் அப்பாவும் போட்டுப் பார்த்தார். பதிலே இல்லை. ஒரு குறுஞ்செய்தி அனுப்பினேன், அவள் பார்க்கவில்லை. வாசலில் நசுங்கிய எலுமிச்சம்பழங்கள் கிடந்தன. அவற்றின் மேல் மிதித்துவிடக் கூடாது என்று அந்த அவசரத்திலும் சுற்றிக்கொண்டு போனேன். அதை நினைத்தால் இப்போது வெட்கமாக இருக்கிறது.

எங்கள் தெருவில் ஆட்டோ வைத்திருப்பவரை வாலாஜாபாத் சாலையில் போகச் சொன்னேன். கண்ணாடியில் என் முகத்தைப் பார்த்துவிட்டு, "இன்னாமா, பாப்பா எதனா மறந்துட்டு போயிடிச்சா?" என்றார்.

"போன் எடுக்க மாட்டேங்கறா."

"யம்மா, ஓட்டும்போது போன் எடுக்கலன்னா நல்லா ஓட்டுதுன்னு அர்த்தம். எடுத்தாதான் நீ பயப்படணும்."

அவரிடம் எப்படிச் சொல்வது? விளக்கு எரிந்திருந்தால் அவள் நிறுத்தியிருப்பாள். விளக்கு எரியாத காரில் ஒரு குறையும் இல்லை என்று நம்பி ஓட்டிக்கொண்டிருப்பாள். ரேடியோவில் பாட்டு வைத்திருப்பாள். வழியில் ஓரமாக நின்ற ஒவ்வொரு லாரியின் பின்னாலும் அந்தக் காரைத் தேடினேன்.

அய்யம்பேட்டை தாண்டியபோது போன் அடித்தது. மகள்.

"அம்மா, பதறாத. பின்னாடி டயர் போயிடிச்சி. தென்னேரி ஏரிக்கரைகிட்ட. வண்டி அப்பிடியே இழுத்துக்கினு போய் ஓரத்துல முள்ளுச்செடியில நின்னுடுச்சி. எனக்கு ஒண்ணும் ஆவல. மணிக்கட்டுல லேசா இடிச்சிக்கினேன், அவ்ளோதான்."

அவள் குரலில் ஒரு நடுக்கம் இருந்தது. அதை அவள் மறைக்கிறாள் என்பதும் தெரிந்தது.

"எதிர்ல ஒரு பஸ்ஸு வந்துக்கினு இருந்தது. அவரு பிரேக் போட்டுட்டாரு. சரி, அத வுடு. வீட்ல வந்து சொல்றேன். கம்பெனி வேன் இந்தப் பக்கம்தான் வருது, நான் அதுல போயிடறேன். டயர் கடைக்கு சொல்லிட்டேன். நீ வராத."

"வந்துக்கினு இருக்கேன்டா."

"எங்கயிருந்து?"

"அய்யம்பேட்டை தாண்டிட்டேன்."

"டயர் இப்பதானம்மா போச்சி. நீ எப்பிடி அதுக்கு முன்னாடியே கெளம்பின?"

அந்தக் கேள்விக்கு அந்த நிமிடமே பதில் சொல்லியிருக்கலாம். ஒரு வாக்கியம் போதும். "மனசு சரியில்ல, அதான்," என்றேன். அவள் சிரித்தாள். எனக்கு ஏதோ ஞானதிருஷ்டி இருக்கிறது என்று நம்பிச் சிரித்தாள். அந்தச் சிரிப்பு இன்னும் என் காதைவிட்டுப் போகவில்லை.

நான் ஏரிக்கரைக்குப் போய்ச் சேர்ந்தபோது அவளை வேன் ஏற்றிக்கொண்டு போயிருந்தது. கார் சாலையை விட்டு இறங்கி, முகத்தைச் செடிக்குள் நுழைத்தபடி நின்றிருந்தது. இன்னும் ஓர் ஆள் நீளம் போயிருந்தால் சரிவு. பக்கத்தில் புல் கட்டோடு ஒரு பெண் நின்றிருந்தாள், என் வயதுதான் இருக்கும். கார் சாவியை என் மகள் அவளிடம்தான் கொடுத்துவிட்டுப் போயிருந்தாள்.

"உன் பொண்ணா? நல்ல தைரியம்மா அதுக்கு," என்றாள். "அழுவல, கிழுவல. இறங்கி வந்து எங்கிட்ட தண்ணி வாங்கிக் குடிச்சிது. அப்புறம் அந்த பஸ்ஸு டிரைவருகிட்ட போயி சாரி சொல்லுது." காரை ஒருமுறை எட்டிப் பார்த்தாள். "உள்ள இத்தினி லைட்டு வெச்சிகிறானுங்க. ஒண்ணு கூடவா சொல்லல?"

நான் சாவியை வாங்கிக்கொண்டேன்.

இடது பின் டயர். அதன் பக்கச் சுவர் சுற்றிலும் கிழிந்து, உள்ளே ரப்பர் பொடிப் பொடியாக உதிர்ந்திருந்தது. மிதிபடும் பக்கத்தில் ஓர் ஆணி. ஆணியால் வெடிக்கவில்லை. ஆணி மெல்ல மெல்லக் காற்றை இறக்கியிருக்கிறது. காற்றில்லாத டயர் மடங்கி மடங்கி ஓடிச் சூடேறி, பக்கம் தாங்காமல் போயிருக்கிறது. வாலாஜாபாத்திலிருந்து வந்த கடைக்காரர் ஸ்டெப்னியை மாட்டிக் கொடுத்துவிட்டு, கிழிந்த டயரை டிக்கியில் போட்டுவிட்டுப் போனார். அவள் அப்பா போனில், "வண்டிய நீ ஓட்டாத. அவளுக்கு மதியமே விட்டுடுவாங்களாம், வேன்ல அங்கயே எறங்கிக்கறாளாம். இருந்து கூட்டிக்கினு வா," என்றார். என்னைத் திட்டவில்லை. "அவகிட்ட நீயே சொல்லிடு," என்று மட்டும் சொன்னார்.

புளியமர நிழலில் உட்கார்ந்திருந்தேன். எதிரே ஏரி முழுக்கத் தண்ணீர். அன்று வந்த நினைப்புகளைக் கோர்வையாக எழுத முடியாது. நான் பயந்து பயந்து வளர்த்த பெண். மழைக்குப் பயம், லாரிக்குப் பயம், நாய்க்குப் பயம். அந்தப் பயத்தையெல்லாம் அவள் மேல் அக்கறை என்றுதான் இத்தனை வருடமும் நினைத்திருந்தேன். அன்று காலை எனக்கு இருந்த பயம் டயரைப் பற்றியது அல்ல. விளக்கைப் பற்றியது. விளக்கு போனதும் என் பயம் போய்விட்டது. டயர் அப்படியேதான் இருந்தது.

அவளிடம் சொல்ல வேண்டியதை மனதுக்குள் பலமுறை அடுக்கிப் பார்த்தேன். முதலில் மணிக்கட்டைப் பார்க்க வேண்டும். பிறகு சொல்ல வேண்டும். கோபப்பட்டால் படட்டும். இனி என் பேச்சை எதிலும் நம்பமாட்டாள் என்றால் அதுவும் நியாயம்தான்.

மதியச் சாப்பாட்டு நேரம் கடந்து வேன் வந்து நின்றது. மகள் இறங்கினாள். கழுத்தில் புது அடையாள அட்டை. மணிக்கட்டில் ஒரு வெள்ளைக் கட்டு. வேனில் இருந்தவர்களுக்குக் கை காட்டிவிட்டு, சாலையைக் கடந்து என்னிடம் வந்தாள். வந்தவள் என் தோளில் தலையைச் சாய்த்துக்கொண்டாள். காலையிலிருந்து அடக்கி வைத்திருந்தது அப்போதுதான் வெளியே வந்தது. நான் வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் பேசினாள்.

"நேத்து சாயங்காலம் கடைக்குப் போய்ட்டு வரும்போதே அந்த லைட்டு எரிஞ்சிதும்மா. உங்கிட்ட சொன்னா நீ தூங்க மாட்டன்னு சொல்லல. காலைல பங்க்ல நிறுத்தி காத்து அடிச்சிக்கினு போலாம்னு இருந்தேன். வண்டில உக்காந்து பாத்தா லைட்டு இல்ல. நீ வேற வண்டிய வெளிய எடுத்து வெச்சிக்கினு நிக்கற. சரி, அம்மா எனக்கு முன்னாடியே பங்க்குக்குப் போய் அடிச்சிக்கினு வந்துட்டாங்கன்னு நெனச்சிட்டேன். ஒரு தேங்க்ஸ் சொல்லிட்டு கெளம்பணும்னு இருந்தேன்மா. நீ ராகு காலம், ராகு காலம்னு தொரத்தனதுல மறந்துட்டேன்."