கைதட்டு வாங்கிய சாட்சி

கிளிநொச்சியில் இப்போது வீதியோரமெல்லாம் நெல் காயப்போட்டிருக்கிறார்கள். நேற்று பஸ்ஸால் இறங்கி நாலடி வைக்கவில்லை, தூசி ஏறி நெஞ்சு அடைத்துவிட்டது. கைப்பையிலிருந்த ஆஸ்துமா பம்பை எடுத்து நடுத்தெருவிலேயே நின்று இரண்டு தரம் இழுத்தேன். ஒருவரும் திரும்பிப் பார்க்கவில்லை. உங்களுக்கு இது ஒரு விஷயமாகவே தெரியாது. எனக்கு அது பெரிய விடுதலை.

துணுக்காய்ப் பக்கம் ஓர் அரிசி ஆலையில் கிளார்க்காக இருந்த காலத்தில், பம்பை நான் பைபிளின் ஸிப் வைத்த உறைக்குள் ஒளித்து வைத்திருந்தேன். சிரிக்காதீர்கள், கதை அப்படி.

ஆலையில் எந்நேரமும் தவிட்டு மணம். அந்தத் தூசியில் எனக்கு முட்டு வருத்தம் கூடி, மூச்சுவிடவே பாடாகிவிட்டது. ஆலைக்குப் பின்னால் தகரக்கூரை போட்ட ஒரு சின்னச் சபை. அங்கே ஒரு ஞாயிறு வெளியூர்ப் போதகர் ஒருவர் தலையில் கைவைத்து ஜெபித்தார். உண்மையாகவே அன்று காற்று நெஞ்சின் அடிவரை போனது. அடுத்த ஞாயிறு சாட்சி நேரத்தில் எழும்பி, "கர்த்தர் என்னைச் சுகமாக்கிட்டார், பம்பை எறிஞ்சிட்டன்" என்றேன். அந்தக் கைதட்டில் எனக்குத் தலைகால் தெரியவில்லை.

மூன்றாம் கிழமை வருத்தம் திரும்பி வந்தது. ஆஸ்பத்திரியில் புதுப் பம்ப் எடுத்தேன், ஆனால் அதைச் சபையில் சொல்ல வாய் வரவில்லை. புது ஆட்கள் வந்தால் பாஸ்டரம்மா என்னைத்தான் பார்ப்பார். "பிள்ளை, உங்கட சாட்சியைச் சொல்லுங்கோ." சொல்வேன். ஒவ்வொரு தரமும் கொஞ்சம் கூட்டியே சொல்வேன். பிறகு கழிப்பறைக்கு ஓடி, குழாயைத் திறந்துவிட்டு, அந்தச் சத்தத்துக்குள் பம்பை இழுப்பேன். கர்த்தர் அங்கேயும் இருக்கிறார் என்று தெரியும். அவரைக் காணாத மாதிரி நிற்பேன்.

சபையில் என் பாயில் பக்கத்தில் இருப்பவர் ரெஜினா அக்கா. மலையகத்திலிருந்து வந்த குடும்பம், எங்கள் ஆலையில் நெல் அவிப்பவர். அவருக்கும் இதே வருத்தம், என்னைவிட மோசம். ஒரு ஞாயிறு அவர் எழும்பினார். "தங்கச்சி சாட்சியக் கேட்டு நானும் பம்ப தூக்கிப் போட்டுட்டேன். கர்த்தருக்கு ஸ்தோத்திரம்."

எல்லோரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பாட்டு முடியவில்லை, அக்காவின் நெஞ்சு கீச்சென்று இழுக்கத் தொடங்கியது. உதடு கறுத்தது. பாஸ்டர் ஓடிவந்து ஜெபித்தார். பெண்கள் சுற்றி நின்றார்கள். என் மடியில் பைபிள். திறந்தால் என் மானம் போகும், திறக்காவிட்டால் அக்காவின் உயிர் போகும். இதில் யோசிக்க என்ன இருக்கிறது என்பீர்கள். நான் யோசித்தேன். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை.

கடைசியில் உறையின் ஸிப்பைத் திறந்து பம்பை எடுத்து நீட்டினேன். அக்கா நாலு தரம் இழுத்து, மூச்சு வந்ததும் என்னைப் பார்த்தார்.

"இது யாருது?"

"என்ரைதான் அக்கா. எனக்குச் சுகமாகேல்லை."

"ஒன்ன நம்பித்தானே எறிஞ்சேன்."

கர்த்தர் உன்னை எப்படி உருவாக்கினார் என்று யாரும் கேட்டால், அந்த நாளைத்தான் சொல்வேன். என் நெஞ்சை அவர் இன்றுவரை சுகமாக்கவில்லை. என் வாயை அன்றே அடக்கினார். அதன்பின் ஒருவரும் என்னிடம் சாட்சி கேட்கவில்லை.

இப்போது அந்தச் சபையும் இல்லை, ஆலையும் இல்லை. ரெஜினா அக்கா அந்த மாதமே புளியங்குளத்தில் தம்பி வீட்டுக்குப் போய்விட்டார். புறப்பட்ட ஞாயிறு, சபையில் ஒவ்வொருவரின் கையையும் பிடித்து, "போயிட்டு வாறேன்" என்றார். நானும் கையை நீட்டிக்கொண்டு நின்றேன். என்னிடம் வரவில்லை.