மெஹ்ராஜ் அக்கா எழுதாமல் விட்ட காற்று

மெஹ்ராஜ் அக்கா டென்னிஸ் மட்டையைக் கையில் பிடித்ததே இல்லை. ஆனால் ஒரு ஆட்டக்காரி நெருக்கடியில் சர்வீஸை எந்தப் பக்கம் போடுவாள் என்று, அவளைப் பெற்றவளுக்குத் தெரியாதது அக்காவுக்குத் தெரியும். இதை நான் மிகைப்படுத்திச் சொல்லவில்லை. அவருக்கு அடுத்த மேசையில் உட்கார்ந்து வேலை பார்ப்பவன் நான்.

போடி பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில், ஒரு கூரியர் கடையின் மாடியில் எங்கள் அலுவலகம். எங்கெங்கோ நடக்கிற விளையாட்டுப் போட்டிகளின் வீடியோ எங்களுக்கு வரும். நிறுத்தி நிறுத்திப் பார்த்து, பந்தை யார் அடித்தார், எங்கே விழுந்தது, அந்தப் புள்ளி எப்படி முடிந்தது என்று குறித்து அனுப்ப வேண்டும். ராசிங்காபுரத்திலிருந்து பஸ்ஸில் வந்துபோகும் எனக்கு, எங்கள் வீட்டின் முதல் பட்டம் வாங்கித் தந்த வேலை இது. வேலையில் சேர்ந்த அன்று எனக்குக் கால்பந்து கிடைத்தது. அக்காவுக்கு டென்னிஸ். யாருக்கும் புரியாத ஆட்டம் என்பதால் அதை அவர் தலையில் கட்டினார்கள்.

அவர் அதை வீட்டுக்கும் கொண்டுபோனார். அவருடைய அப்பா ராஜா முகம்மது, அக்காவுக்கு அத்தா, ஏலக்காய் வியாபாரி. வீட்டின் பின்கட்டில் பெண்கள் உட்கார்ந்து காயைப் பருமன் பார்த்து, நிறம் பார்த்துப் பிரிப்பார்கள். அவர்களுக்கு நடுவில் அக்கா லேப்டாப்பை மடியில் வைத்துக்கொண்டு மேட்ச் பார்ப்பார். ஒருநாள் வேலையாக நான் போயிருந்தபோது கேட்ட பேச்சு இது.

"ஏத்தா மெஹ்ராஜு, பந்து எங்கிட்டு விழுந்துச்சுன்னு பாத்துச் சொல்றதுக்கா உனக்குச் சம்பளம் தர்றாக?" என்றார் காய் பிரிக்கும் பாண்டியம்மாள்.

"ஆமா. உனக்கும் காய் எங்கிட்டு விழணும்னு பாக்கத்தானே தர்றாக?"

"நான் பிரிச்ச காயை நாலு பேரு டீயில போட்டுக் குடிப்பான். நீ பிரிச்ச பந்தை யாரு குடிப்பா?"

அத்தாவுக்கு வேறு கவலை. திரையில் ஓடும் ஸ்கோரைப் பார்த்துக்கொண்டே இருந்தவர், கண்ணாடியைக் கழற்றினார்.

"பதினஞ்சு, முப்பது, அப்புறம் நாப்பதா? நாப்பத்தஞ்சுல்ல வரணும். நடுவுல அஞ்சை எவன் அமுக்குனான்?"

"அது அப்படித்தான் அத்தா."

"அப்படித்தான்னா என்ன அர்த்தம்? வியாபாரத்துல நான் இப்படிச் சொன்னா விடுவாய்ங்களா?"

இந்தக் கேலியெல்லாம் அக்காவைத் தொடாது. அவரும் சேர்ந்து சிரித்துவிட்டு, வீடியோவைப் பத்து நொடி பின்னால் தள்ளி அதே புள்ளியை மறுபடி பார்ப்பார். கேட்டதைக் குறித்தோமா, அனுப்பினோமா என்று நாங்கள் எல்லோரும் எழுந்துவிடுவோம். அவர் மட்டும், குறித்த எண்களை வைத்துக்கொண்டு ஏன் இப்படி என்று குடைந்துகொண்டிருப்பார். குடைந்ததை அறிக்கையின் கடைசியில் நாலு வரி எழுதி அனுப்புவார். யாரும் கேட்காத நாலு வரி.

அந்த நாலு வரியை ஒருவர் படித்தார். அவர் பெயர் ஸ்டான்லி. நாகர்கோவில்காரப் பெண்ணான அபிஷாவுக்குப் பயிற்சியாளர். அபிஷாவுக்கு வயது பத்தொன்பது. சர்வதேசப் போட்டிகளின் கீழ்ப்படியில் ஆடத் தொடங்கியிருந்தாள். போன ஆடியில், கிழக்குக் கடற்கரை நகரம் ஒன்றில் நடந்த போட்டியில் அவள் முதன்முறையாக இறுதி ஆட்டத்துக்கு வந்துவிட்டாள். எதிரி செக் நாட்டுக்காரி ஹானா. நெட்டையானவள், இடது கைக்காரி.

அரையிறுதி முடிந்த மாலை ஸ்டான்லி அக்காவுக்குப் போன் போட்டார்.

"மேடம், ஃபைனலுக்கு எண்ணிக்கை மட்டும் வேண்டாம். எப்படி ஆடணும்னு நீங்களே எழுதித் தாங்க. நீங்க எழுதறதைத்தான் அவ ஆடப்போறா. சரியா வந்துச்சுன்னா இனிமே அபிஷாவுக்கு நீங்கதான்."

போனை வைத்த அக்கா, ஸ்டான்லி சொன்னதை அப்படியே எங்களிடம் சொன்னார். கணக்குப் படித்துவிட்டு ஆறு வருடம் புள்ளி வைத்துக்கொண்டிருந்தவர். ஒரு ஆட்டத்தை எப்படி ஆட வேண்டும் என்று சொல்லும் வேலை அவரைத் தேடி வந்திருக்கிறது. ஒரே ஒரு ஆட்டத்தை வைத்து அது நிற்கும், அல்லது போகும்.

"என்னக்கா, பயமா இருக்கா?" என்றாள் எங்களோடு வேலை பார்க்கும் கிரேஸ்.

"பயம் இருக்கட்டும். ஹானாவோட கடைசி ரெண்டு மேட்சைக் கொண்டா, வெரசா."

அன்று அவர் பார்த்த விதத்தை எழுத வேண்டும். டென்னிஸில் சர்வீஸ் போடுபவருக்கு இரண்டு வாய்ப்பு. முதல் பந்து தவறினால் இரண்டாவதைக் கொஞ்சம் நிதானமாகப் போடுவார்கள். எதிராளி பாய்வதற்கு ஏற்ற இடம் அதுதான். இறுதி ஆட்டம் நடக்கப்போகும் அதே மைதானத்தில் ஆடிய அந்த இரண்டு ஆட்டங்களிலும் சேர்த்து, ஹானா இரண்டாவது சர்வீஸ் போட்ட புள்ளிகள் நாற்பத்து நான்கு. அதில் இருபத்து மூன்றை ஜெயித்திருந்தாள். பாதிக்குக் கொஞ்சம் மேல். எந்த மென்பொருளிடம் கொடுத்தாலும் 'பரவாயில்லை, பலவீனம் எதுவும் இல்லை' என்றுதான் சொல்லும். நானும் அதைத்தான் சொன்னேன்.

அக்கா ஒத்துக்கொள்ளவில்லை. "ரெண்டு தோட்டத்துக் காயைக் கொட்டிக் கலந்துட்டு நடுவுல கையை விட்டா என்னத்தத் தெரியும்? பிரிச்சுப் போடு" என்றார். பிரித்தோம். வலப்பக்கம் போட்டது, இடப்பக்கம் போட்டது என்று பிரித்தோம். ஒன்றும் தேறவில்லை. முந்தும்போது போட்டது, பின்தங்கும்போது போட்டது என்று பிரித்தோம். அதிலும் இல்லை. கடைசியில், மைதானத்தின் எந்த முனையிலிருந்து போட்டாள் என்று பிரித்தார். ஒரு முனைக்குப் பின்னால் ஸ்கோர்போர்டு இருந்தது. மறுமுனைக்குப் பின்னால் வேப்பமரங்கள். மரத்து முனையிலிருந்து போட்ட இருபத்து மூன்றில் பதினேழை ஜெயித்திருந்தாள். ஸ்கோர்போர்டு முனையிலிருந்து போட்ட இருபத்தொன்றில் ஆறுதான்.

கிரேஸ் வாயைப் பிளந்தாள். "அதே கை, அதே பந்து. எப்படிக்கா?"

"அவ கொண்டையைப் பாருடி. ஸ்கோர்போர்டு பக்கம் நிக்கும்போது முடி பின்னால பறக்குது. எதிர்க்காத்து. பந்து போகமாட்டாம தொங்கி, முன்னாலயே விழுந்து எழும்புது. மரத்துப் பக்கம் நின்னா காத்து முதுகைத் தள்ளுது, பந்து ஆழமா இறங்குது."

எண்களுக்குள் ஒளிந்திருந்த காற்றை இப்படி ஒருவர் வெளியே இழுத்துப் போட்டதை நான் அதற்குமுன் பார்த்ததில்லை.

அவர் எழுதி அனுப்பிய திட்டம் இரண்டே வரி. ஹானா ஸ்கோர்போர்டு முனையிலிருந்து போட்டால் பின்கோட்டுக்கு உள்ளே வந்து நின்று அடி. மரத்து முனையிலிருந்து போட்டால் இரண்டு மீட்டர் பின்னால் போய் நில்.

அந்த இரண்டு வரியில் காற்று என்ற சொல் இல்லை. எங்கள் யாருக்கும் அது குறையாகப் படவில்லை. ஆனியும் ஆடியும் வந்துவிட்டால் போடியில் அடிப்பது மேகாத்து, மேற்குக் காற்றுதான். போடிமெட்டு மலைப் பக்கமிருந்து இறங்கினால் இறங்கியதுதான். காலையிலும் அதே பக்கம், மாலையிலும் அதே பக்கம். கடைக்காரர்கள் படுதாவை ஒரு பக்கம் இழுத்துக் கட்டினால் சீசன் முடிகிறவரை அவிழ்த்து மாற்றிக் கட்டுவதில்லை. காற்று ஒரு நாளைக்குள் திரும்பி அடிக்கும் என்று எங்களுக்குத் தோன்றவே தோன்றாது. எங்களுக்கு அது மலையைப் போல ஒரு இடத்தில் இருப்பது.

ஞாயிற்றுக்கிழமை மூன்று மணிக்கு இறுதி ஆட்டம். விடுமுறைதான், ஆனாலும் நாங்கள் மூவரும் அலுவலகத்தைத் திறந்து உட்கார்ந்துவிட்டோம். நேரலை ஓடத் தொடங்கியது.

ஹானா ஸ்கோர்போர்டு முனையிலிருந்து முதல் சர்வீஸைத் தவறவிட்டாள். இரண்டாவது சர்வீஸ். அபிஷா சொன்னபடி கோட்டுக்குள் வந்து நின்றாள். பந்து தொங்கவில்லை. அவள் நெஞ்சுக்கு நேராக வந்து விழுந்தது. அவள் ஒதுங்கக்கூட முடியாமல் மட்டையைக் குறுக்கே பிடித்தாள். பந்து வலையில் போய் மோதியது.

"ஒண்ணுதானே" என்றாள் கிரேஸ்.

இரண்டாவதும் அப்படித்தான். மூன்றாவதும். மறுமுனையில் அதைவிட மோசம். பந்து தொங்கித் தொங்கி முன்னால் விழுந்தது. அபிஷாவோ திட்டப்படி வெகு தூரத்தில் பின்னால் நின்றாள். ஓடிவந்து எடுப்பதற்குள் ஹானா அடுத்த அடியில் முடித்தாள். அபிஷா ஒருமுறை கேலரியைப் பார்த்துக் கையை விரித்தாள். அங்கே உட்கார்ந்திருந்த ஸ்டான்லி, 'விடாதே, அதையே செய்' என்பதுபோல் தலையாட்டினார். எழுதிக் கொடுத்ததை இருவரும் அவ்வளவு நம்பினார்கள். அதைப் பார்க்கத்தான் கஷ்டமாக இருந்தது. முதல் செட் ஆறுக்கு இரண்டு என்று ஹானாவிடம் போயிற்று.

அக்கா திரைக்குக் கிட்டே போனார். ஹானா ஸ்கோர்போர்டு முனையில் நின்ற காட்சியில் வீடியோவை நிறுத்தினார். கொண்டை முடி பின்னால் பறக்கவில்லை. தோள் வழியாக முன்னால் வந்து முகத்தில் விழுந்துகொண்டிருந்தது.

"யா அல்லா. காத்து திரும்பிடுச்சு."

கிரேஸ் அவசரமாகச் செல்போனில் தேடிப் படித்தாள். அங்கே காற்று காலையில் தரையிலிருந்து, மதியத்துக்கு மேல் கடலிலிருந்து. முன்னால் ஆடிய இரண்டு ஆட்டமும் காலையில். இது மூன்று மணிக்கு. கடற்கரையில் பிறந்த குழந்தைக்கும் தெரிந்த விஷயம்.

அபிஷா உடை மாற்ற உள்ளே போயிருந்தாள். ஸ்டான்லி கேலரியை விட்டு எழுந்து வெளியே போவது திரையில் தெரிந்தது. அக்கா போனை எடுத்தார்.

கிரேஸ் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். "அக்கா, காத்து மாறிடுச்சுன்னு மட்டும் சொல்லுங்க. எழுதினது தப்புன்னு வாயை விட்டுறாதீங்க. இந்தச் சோலி உங்களுக்கு வேணும்ல?"

"அப்படிச் சொன்னா அவரு மொத்தத்தையும் தூக்கிப் போட்டுட்டு ஆடச் சொல்லிருவாருடி. விஷயம் சரி, நான் எழுதினதுதான் தப்பு. அதைச் சொன்னாத்தான் அந்தப் புள்ளைக்கு ஆகும்."

ஸ்டான்லி எடுத்தார். அக்கா மூச்சு விடாமல் பேசினார்.

"சார், என் தப்பு. நான் முனையை எழுதிட்டேன், காத்தை எழுதியிருக்கணும். ஹானா காத்தை எதிர்த்துப் போட்டா உள்ள வரணும், காத்தோட போட்டா பின்னால போகணும். இப்ப அது அப்படியே தலைகீழா இருக்கு. மரத்துப் பக்கத்துலருந்து போடறப்ப உள்ள வரச் சொல்லுங்க."

ஸ்டான்லியின் குரல் எங்களுக்கும் கேட்டது. "ஒரு செட் போயிடுச்சே மேடம்" என்றார்.

"போயிடுச்சு சார். அது என் கணக்குல வைங்க. இன்னும் ரெண்டு இருக்கு."

போன் கட்டானது. அவர் கேட்டுக்கொண்டாரா, கோபத்தில் வைத்தாரா என்று எங்களுக்குத் தெரியவில்லை. திரையைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். ஹானா மரத்து முனைக்கு வந்தாள். முதல் சர்வீஸ் வலையில். இரண்டாவதற்குத் தயாரானாள். அபிஷா பின்னால்தான் நின்றிருந்தாள். ஹானா பந்தை மேலே தூக்கிய கணத்தில் மூன்று எட்டு வைத்துக் கோட்டுக்குள் பாய்ந்தாள். தொங்கி எழுந்த பந்தை ஒரே அறை. ஹானா திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

கிரேஸ் போட்ட கூச்சலில் கீழே கூரியர் கடையிலிருந்து ஆள் எட்டிப் பார்த்தார். அக்கா கத்தவில்லை. "பின்னால நின்னு ஏமாத்திட்டு உள்ள வர்றா பாரு. அதை நான் எழுதலை, அவளா செஞ்சது" என்றார். அந்த நேரத்திலும் அவர் எது தன்னுடையது, எது அந்தப் பெண்ணுடையது என்று பிரித்துப் பார்த்தார்.

இரண்டாவது செட்டை அபிஷா ஆறுக்கு மூன்றில் எடுத்தாள். மூன்றாவது செட்டின் பாதியில் பொழுது சாயச் சாயக் காற்று அடங்கிவிட்டது. காற்று இல்லாத மைதானத்தில் ஹானா அபிஷாவைவிட நல்ல ஆட்டக்காரி. அதில் சந்தேகமில்லை. ஆறுக்கு நான்கு என்று கோப்பை அவளுக்கே போயிற்று.

வலைக்குக் குறுக்கே இருவரும் கைகொடுப்பதைப் பார்த்துவிட்டு அக்கா எழுந்தார். கைப்பையில் சாப்பாட்டு டப்பாவை வைத்தார். "நாளைக்கு வழக்கம்போலப் புள்ளி வைக்கிற வேலையைப் பாப்போம்" என்றார். சிரிக்கத்தான் பார்த்தார், வரவில்லை. முதல் செட்டும் சரியாக நடந்திருந்தால் என்று எங்கள் மூன்று பேர் மனதிலும் ஓடியது.

படி இறங்கும்போது போன் அடித்தது. ஸ்டான்லி. அக்கா பாதிப் படியிலேயே நின்று ஸ்பீக்கரில் போட்டார்.

"மேடம், எனக்குக் கோபம் இருக்கு. இல்லைன்னு சொல்ல மாட்டேன். கேலரியில காத்து என் மூஞ்சியிலதான் அடிச்சது, எனக்கே உறைக்கலை. அதனால கோபத்துல பாதி என் மேல. இத்தனை வருஷத்துல எனக்கு ரிப்போர்ட் எழுதின ஒருத்தரும் மேட்ச் நடக்கும்போது கூப்பிட்டு என் தப்புன்னு சொன்னதில்ல. முடிஞ்சப்புறம் காரணம் சொல்லத்தான் கூப்பிடுவாங்க. இருங்க, இந்தா, அவ பேசணுமாம்."

அபிஷா போனை வாங்கி மூக்கை உறிஞ்சினாள். அழுதிருப்பாள் போல.

"அக்கா, புதன்கிழமை அடுத்த ஊர்ல முதல் ரவுண்டு. ஆந்திராக்காரப் பொண்ணு ஒருத்தி. மூணு மேட்ச் வீடியோ அனுப்பட்டுமா?"

"அனுப்பு. ஆனா ஒரு கண்டிஷன்."

"என்னக்கா?"

"மேட்சுக்கு ஒரு மணி நேரம் முன்னாடி நீ கோர்ட்டுக்குள்ள போயி நின்னுக்கிட்டு எனக்குப் போன் போடணும். வெயில் எங்க இருக்கு, காத்து எங்கருந்து வருது, தரை எப்படி இருக்கு, எல்லாத்தையும் நான் கேப்பேன். நீ பதில் சொன்னப்புறம்தான் கடைசி வரியை எழுதுவேன்."

"நாகர்கோவில்காரிகிட்ட காத்தைக் கேக்குறீங்க. ஒரு மணி நேரம் பத்தாதுக்கா, பேசிக்கிட்டே இருப்பேன்."

அக்கா இப்போது சிரித்தார். கைப்பையைக் கிரேஸிடம் கொடுத்துவிட்டு, மேலே கதவருகில் நின்ற என்னைப் பார்த்தபடி, இறங்கிய படியில் திரும்ப ஏறினார்.

"விஜயராஜு, பூட்டாத. சிஸ்டத்தைப் போடு."