மாமாவுக்குத் தெரிந்த பிரெஞ்சு

மாமா முன்னால் நடந்தார். அவர் தோளில் துணிப்பை, என் தலையில் சுருட்டிய பாய். பிரிக்ஃபீல்ட்ஸ் பூக்கடைகளைத் தாண்டி ரயில் ஸ்டேஷனை நோக்கிப் போய்க்கொண்டிருந்தோம். வெயில் இன்னும் இறங்கவில்லை. சற்று முன்புதான் ஒரு அறை நிறைய ஆட்கள் அவருக்குக் கைதட்டியிருந்தார்கள். கைதட்டல் வாங்கியவர் எதற்காகப் பாயைச் சுருட்ட வேண்டும் என்று எனக்கு விளங்கவில்லை.

"மாமா, எங்க போறோம்?"

"கிள்ளானுக்கு."

"அங்க யாரு இருக்கா?"

"போனாத்தான் தெரியும்."

எனக்கு அப்போது ஒன்பது வயது. அம்மா ஜொகூரில் ஒரு தொழிற்சாலை விடுதியில் தங்கி வேலை செய்தார். அங்கே பிள்ளைகளுக்கு இடமில்லை. அதனால் அவருடைய தம்பி போகும் இடமெல்லாம் நானும் போனேன். ரவாங்கில் கொஞ்ச நாள், பந்திங்கில் கொஞ்ச நாள். பள்ளிக்கூடத்தில் ஒரு வாய்ப்பாடு பிடிபடுவதற்குள் ஊர் மாறிவிடும். குறையாகச் சொல்லவில்லை. பிறகு என் கால்களுக்கும் அதுவே பழகிவிட்டது.

பிரிக்ஃபீல்ட்ஸுக்கு மாமா சாயம் அடிக்கத்தான் வந்தார். கடைவீட்டு மாடியில் ஒரு ஆன்டி டியூஷன் நடத்திக்கொண்டிருந்தார். எதிர்வரிசையில் குளிர்சாதன வசதியோடு இன்னொரு டியூஷன் சென்டர் வந்துவிட்டது. பிள்ளைகள் ஒவ்வொருவராக அங்கே நகர்ந்தார்கள். சுவருக்குப் புதுச் சாயம் அடித்தால் மீதிப் பேராவது போகாமல் இருப்பார்கள் என்று ஆன்டி நம்பினார்.

கதவுக்குச் சாயம் அடிக்கும்போது வேடிக்கை பார்த்த ஒரு சிறுவனிடம் மாமா விளையாட்டாக, "இது என்ன தெரியுமா? லா போர்த்" என்றார். உள்ளேயிருந்து ஆன்டி எட்டிப் பார்த்தார்.

"தம்பிக்குப் பிரெஞ்சு தெரியுமா?"

மாமாவுக்கு எந்த வேலையைக் கேட்டாலும் தெரியும் என்று சொல்லித்தான் பழக்கம். வெல்டிங் தெரியுமா என்றாலும் தெரியும், லோரி ஓட்டத் தெரியுமா என்றாலும் தெரியும். தெரியாது என்று சொன்னவனுக்கு யார் வேலை கொடுக்கிறார்கள்? அன்றும் தலையை ஆட்டினார். சாயம் காய்வதற்குள் அவர் பிரெஞ்சு சார் ஆகிவிட்டார். எங்களுக்குப் பின்கட்டு அறை கிடைத்தது. பக்கத்துத் தமிழ்ப்பள்ளியில் என்னைச் சேர்த்துவிடுவதாகவும் ஆன்டி சொன்னார்.

உண்மையில், முன்பொரு சமயம் மாமா ஒரு வெள்ளைக்காரப் பாலர் பள்ளியில் புல் வெட்டியிருக்கிறார். அப்போது ஜன்னல் வழியாக ஒரு டீச்சர் தினமும் ஒரே பிரெஞ்சுப் பாடத்தைப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுப்பது காதில் விழுந்திருக்கிறது. அந்த ஒரு பாடம் அவருக்குத் தலை முதல் வால் வரை மனப்பாடம். அந்த டீச்சரின் குரலும் மனப்பாடம். வகுப்பில் மாமா ஒரு கையை இடுப்பில் வைத்து, மறு கையால் கதவைக் காட்டி, மெல்லிய குரலில் "கெஸ்க சே?" என்பார். இது என்ன என்று அர்த்தம். மீசை வைத்த ஆள் அப்படிக் கேட்கும்போது பிள்ளைகள் பெஞ்சில் விழுந்து சிரிப்பார்கள்.

"சே லா போர்த்" என்று நாங்கள் சொல்ல வேண்டும். இது கதவு. ஜன்னலைக் காட்டினால் லா ஃபனெத்ர். நாற்காலி லா ஷேஸ். சரியாகச் சொன்னால் "த்ரே பியான்" என்று அவர் கைதட்டுவார், எல்லாரும் தட்டுவோம்.

"எல்லாத்துக்கும் ஏன் சார் லா லா?" என்று ஒரு பையன் கேட்டான்.

"வா லா, போ லான்னு நாம பேச்சுக்குப் பின்னால போடுறோம் லா. அவங்க முன்னால போடுறாங்க. அவ்வளவுதான்."

தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு எதையும் எழுந்து நின்று இழுத்து ராகம் போட்டுத்தான் சொல்ல வரும். "சே லா போஓஓர்த்" என்று நாங்கள் கோரஸாகச் சொல்வது கீழே சாப்பாட்டுக் கடை வரைக்கும் கேட்கும். மாமா அதைத் திருத்தவில்லை. மேசையில் தாளம் போட்டார். பாதிப் பேர் கேள்வி, பாதிப் பேர் பதில். அடுத்த வாரம் மாற்றிக்கொள்வோம். எதிர்வரிசைக்குப் போன பிள்ளைகள் சிலர் திரும்பி வந்தார்கள்.

அதைப் பார்த்த ஆன்டி, பெற்றோரை ஒரு சனிக்கிழமை மாலை அழைத்துவிட்டார்.

கதவு, ஜன்னல், மேசை, நாற்காலி எல்லாம் தடங்கல் இல்லாமல் போனது. அப்போது முன்வரிசையில் இருந்த ஒரு அங்கிள் எழுந்தார். ஒத்திகை பார்த்ததைத்தான் ஒப்பிக்கிறார்கள் என்று அவருக்குச் சந்தேகம். என்னைப் பார்த்து, மேலே சுற்றிய காற்றாடியைக் காட்டினார்.

"தம்பி, இதுக்கு என்னா?"

பாடத்தில் காற்றாடி இல்லை. மாமாவைப் பார்த்தேன். அவரும் காற்றாடியைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். யாராவது எதையாவது காட்டினால் அடுத்து வர வேண்டியது ஒரு கேள்விதான் என்று மட்டும் எனக்குத் தெரியும். கையை இடுப்பில் வைத்து அந்த அங்கிளையே கேட்டேன்.

"கெஸ்க சே?"

மற்றவர்களும் எழுந்து, இடுப்பில் கை வைத்து, ராகமாக, "கெஸ்க சேஏஏ?" என்றார்கள்.

அங்கிள் தடுமாறிப்போனார். "ஃபேன் லா" என்றார்.

"சே லா ஃபேஏஏன். த்ரே பியான்" என்று எல்லாரும் அவருக்குக் கைதட்டினோம். பெற்றோர் சிரித்துக்கொண்டே சேர்ந்து தட்டினார்கள். அங்கிள்கூடத் தட்டினார்.

பலகாரம் கொடுக்கும்போது, ரெட்டைப் பின்னல் போட்ட பிள்ளையின் அம்மா மாமாவிடம் வந்தார். கணவருக்குப் பிரான்சுக்கு வேலை மாற்றல் கிடைத்திருக்கிறதாம். ஆண்டுக் கடைசியில் குடும்பமே போகிறதாம். "இவ அங்க ஸ்கூலுக்குப் போகணும் சார். பயந்து அழுதுகிட்டே இருந்தா. உங்க கிளாஸுக்கு வந்த பிறகுதான் தைரியமா இருக்கா" என்றார்.

மாமா கையிலிருந்த வடையைத் தட்டில் வைத்தார். அந்த அம்மாவோடு படியிறங்கிக் கார் வரைக்கும் போனார். மேலிருந்து பார்த்தேன். மாமா பேசினார். அந்த அம்மா முதலில் முறைத்தார், பிறகு போனை எடுத்து மாமா சொன்ன இடத்தைக் குறித்துக்கொண்டார். மாமா திரும்பி வந்து ஆன்டியிடமும் கொஞ்ச நேரம் பேசினார். அப்புறம் பாயைச் சுருட்டச் சொன்னார்.

கிள்ளான் ரயிலில் கேட்டேன். "அந்த ரெட்டைப் பின்னல் பிள்ளையோட அம்மாகிட்ட என்ன சொன்னீங்க?"

"என் பிரெஞ்சு இந்த வகுப்போட கதவு வரைக்கும்தான் போகும், அதுக்கு அந்தப் பக்கம் வேற டீச்சரைப் பாருங்கன்னு சொன்னேன். நான் புல்லு வெட்டின பள்ளிக்கூடத்துக்கு வழியும் சொன்னேன்."

"நம்ம ஆன்டி ஏசினாங்களா?"

"இல்ல. சுவரு நல்லா அடிச்சிருக்கேன்னு சொன்னாங்க."

எனக்கு ஆத்திரமாக வந்தது. திங்கட்கிழமை நான் பள்ளியில் சேர்வதாக இருந்தது. கிள்ளான் வரும்வரை ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்துகொண்டேன். அன்று ஒரு கோயில் மண்டபத்தில் படுத்தோம்.

மறுநாள் காலை மாமா வெங்காய மண்டியில் வேலை கேட்டார். முதலாளி லோரியைக் காட்டினார், மாமா சட்டையைக் கழற்றினார். நான் ஒரு பெட்டிமேல் உட்கார்ந்து, அவரை வெறுப்பேற்றவே முதல் மூட்டையைக் காட்டி, "கெஸ்க சே?" என்றேன்.

"வெங்காயம்டா."

"பிரெஞ்சுல?"

"தெரியாது" என்றார்.

மூட்டை முதுகில் இருக்க, வாய்விட்டுச் சிரித்துக்கொண்டே சொன்னார். அவர் வாயிலிருந்து அந்த வார்த்தையை நான் அதற்குமுன் கேட்டதில்லை. தெரியாது என்று சொல்வதில் ஒரு மனிதனுக்கு அப்படி என்ன சந்தோஷம் என்று யோசித்தபடி, அவர் அடுத்த மூட்டைக்குத் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.