இன்னொரு கையில் தின்னாத நாய்

என் நாயின் வாய்க்குள் மிளகாய்ப்பொடி போகச் செய்தவன் நான். அதை நீட்டிய கை என் மருமகள் கோமதியுடையது. நீட்டச் சொன்னவன் நான். இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எலும்பும் தோலுமாகிப்போன நாயை எப்படித் தேற்றுவது என்று தேடிக்கொண்டிருப்பவர்கள்தான் இதைப் படிப்பீர்கள். என் நாயை அந்த நிலைக்குக் கொண்டுபோனது நோய் அல்ல.

இராஜபாளையத்தில் ஒரு நூற்பாலையின் தரப் பரிசோதனைப் பிரிவில் முப்பத்தோரு வருடம் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன். வேதியியல் படித்தவன். மனைவி இறந்துவிட்டாள். மகன் லாரியில் லோடு ஏற்றிக்கொண்டு பாதி நாள் வெளியூரில் இருப்பான். கோமதி பேண்டேஜ் துணி மடிக்கும் கம்பெனியில் காலை ஷிப்ட் பார்க்கிறாள். நாய்க்கு சங்கு என்று பெயர். எங்கள் ஊர் இனம். உடம்பு முழுக்க வெள்ளை, மூக்கு இளஞ்சிவப்பு. நாய்க் கண்காட்சியில் நாட்டு இனப் பிரிவில் இரண்டு முறை முதல் பரிசு வாங்கியவன்.

எங்கள் ஊர் நாயைப் பார்க்க வருகிறவர்கள் கேட்கும் முதல் கேள்வி, "ஒரே ஆள் கையிலதான் திங்குமாமே?" என்பதுதான். சில நாய்கள் அப்படி இருக்கும். சங்கு அப்படி இல்லை. ஆறு மாதக் குட்டியாக இருந்தபோது யார் எதைக் கொடுத்தாலும் வாலை ஆட்டிக்கொண்டு தின்றான். எனக்கு அது வெட்கமாக இருந்தது.

கறித்துண்டைக் கீறி நடுவில் மிளகாய்ப்பொடியை அடைத்து கோமதியிடம் கொடுத்தேன். சங்கு ஒரே கவ்வாகக் கவ்வினான். பிறகு கத்திக்கொண்டே முன்னங்காலால் வாயைத் தேய்த்தான். நான் கிட்டே போய்த் தண்ணீர் காட்டி, நல்ல கறியை என் கையால் ஊட்டினேன். மறுநாளும் அதுவே. மூன்றாம் நாள் கோமதி கையைப் பின்னால் கட்டிக்கொண்டாள்.

"பாவம் மாமா. என்னால ஏலாது."

"நீ கைய மட்டும் நீட்டு. மத்தத நான் பாத்துக்கிடுதேன்."

நீட்டினாள். அவள் கல்யாணமாகி வந்து ஏழு வருடம் ஆகியிருந்தது அப்போது. நான் சொன்ன எதையும் அவள் மறுத்ததில்லை.

நாலாம் நாள் முதல் சங்கு என் கை தொட்ட சோற்றைத்தான் தின்றான். கண்காட்சி மைதானத்தில் யாராவது கறித்துண்டை நீட்டுவார்கள். சங்கு முகத்தைத் திருப்பிக்கொள்வான். செல்போனில் படம் பிடிப்பார்கள். "ரத்தம் பேசுதுய்யா" என்றார் ஒருவர். நான் சிரித்துக்கொண்டு நின்றேன். நான்கு வருடம் அப்படிச் சிரித்தேன்.

போன வருடம் எனக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரையில் பைபாஸ் செய்தார்கள் (இதயத்தின் அடைபட்ட குழாய்களுக்கு மாற்றுப் பாதை வைக்கும் அறுவை சிகிச்சை). ஒரு வாரத்தில் திரும்பிவிடலாம் என்றார்கள். சர்க்கரை இருந்ததால் மார்புக் காயத்தில் சீழ் வைத்தது. ஐந்து வாரம் ஆயிற்று. மகன் என்னோடு இருந்தான். வீட்டில் கோமதியும் சங்கும்.

மூன்றாம் நாள் அவளிடமிருந்து போன் வந்தது. "மாமா, சங்கு தண்ணி மட்டும் குடிக்கான். சோத்தப் பாக்கக்கூட மாட்டேங்கான்."

அப்போது எனக்கு முதலில் வந்தது கவலை அல்ல, பெருமை. பக்கத்துக் கட்டிலில் இருந்தவரிடம், "நான் வாரது வரைக்கும் எங்க வீட்டு நாய் பட்டினி கிடக்கும், அப்படிப்பட்ட இனம்" என்று சொன்னேன். அவர் ஆச்சரியப்பட்டார். எனக்கு வலி கொஞ்சம் குறைந்தது போலக்கூட இருந்தது. இந்த ஒரு பத்தியை எழுதத்தான் எனக்கு இத்தனை மாதம் பிடித்தது.

பயம் இரண்டாம் வாரம்தான் வந்தது. மகனிடம் நான் உடுத்திய துண்டைக் கொடுத்தனுப்பினேன். அதன்மேல் சோற்றை வைத்தால் இரண்டு வாய் தின்றான். துண்டில் வாடை போனதும் அதுவும் நின்றது. புதுத் துண்டு போகும், இரண்டு நாள் கொஞ்சம் தின்பான். நான் கட்டிலில் படுத்து, மார்பைத் தலையணையால் அணைத்துக்கொண்டு இருமிக்கொண்டிருந்தேன். ஒவ்வொரு முறை போன் அடிக்கும்போதும் செத்துப்போனான் என்றுதான் சொல்லப்போகிறாள் என்று நினைத்தேன்.

வீடு திரும்பிய அன்று சங்கு எழுந்து வரவில்லை. வாலை மட்டும் தரையில் ஒரு முறை தட்டினான். எங்கள் இனத்துக்குக் கடைசி இரண்டு விலா எலும்பு தெரிவது இயல்பு, அது அழகும்கூட. ஆனால் முதுகெலும்பின் கணுவும் இடுப்பெலும்பின் முனையும் தெரிந்தால் அது மெலிவு. சங்குக்கு எல்லாமே தெரிந்தன. நெற்றிப் பொட்டில்கூடக் குழி விழுந்திருந்தது.

நான் குனியக் கூடாது என்று சொல்லியிருந்தார்கள். உட்கார்ந்தேன். பெரிய தட்டில் சோறு, ஆட்டுக்கறி, மேலே நெய். என் கையால் ஊட்டினேன். தட்டை வழித்துத் தின்றான். இன்னொரு தட்டும் வைத்தேன். அழுதுகொண்டே வைத்தேன். மறுநாளும் அப்படியே. அதற்கு அடுத்த நாள் காலையில் அவனுக்குப் பின்னங்கால் மடிந்தது. உடம்பு உதறியது. மூச்சு மேலும் கீழும் இழுத்தது.

குட்டியானை வண்டி பிடித்து ஸ்ரீவில்லிபுத்தூருக்குக் கொண்டுபோனோம். கோமதி பின்னால் தார்ப்பாயில் அவன் தலையை மடியில் வைத்துக்கொண்டு வந்தாள். கோபுரம் தெரிந்ததும், "மாமா, வந்துட்டோம், மூச்சு இருக்கு" என்று கத்தினாள்.

கால்நடை மருத்துவர் நடுவயதுப் பெண். ஊசி போட்டு, குளுக்கோஸ் அல்லாத ஒரு டிரிப்பை மெதுவாக இறக்கிவிட்டு என்னிடம் திரும்பினார்.

"எம்புட்டுச் சோறு போட்டீங்க ஐயா?"

சொன்னேன்.

"அஞ்சு வாரம் பட்டினியா கெடந்தவனுக்கா? பசி இவனக் கொல்லல. நீங்க போட்ட சோறு கொல்லப் பாத்திருக்கு."

பிறகு விளக்கினார். நெடுநாள் பட்டினி கிடந்த உடம்புக்குத் திடீரென்று நிறையச் சோறு போனால், ரத்தத்தில் இருக்கும் பாஸ்பேட், பொட்டாசியம் (தசையும் இதயமும் இயங்கத் தேவையான உப்புகள்) எல்லாம் செல்லுக்குள் இழுக்கப்பட்டு ரத்தத்தில் சட்டென்று குறைந்துவிடும். இதயம் தாறுமாறாகத் துடிக்கும். நின்றும் போகலாம். நான் வேதியியல் படித்தவன். கேட்டதும் புரிந்தது. புரிந்து என்ன செய்ய.

நான்கு நாள் அங்கேயே வைத்திருந்தார். வராந்தாவில் பெஞ்சில் உட்கார்ந்து, சங்கின் நெஞ்சுக்கூடு ஏறி இறங்குவதை எண்ணுவேன். எண்ணிக்கொண்டிருக்கும்போதே என் நாடியையும் பிடித்துப் பார்ப்பேன். இரண்டில் எது முதலில் நிற்கும் என்று பயந்தேன்.

பிழைத்தான். இதைப் படிக்கிறவர்களுக்காக அந்த மருத்துவர் சொன்னதைச் சொல்கிறேன். முதலில் காரணத்தைக் கண்டுபிடியுங்கள். பூச்சியா, உண்ணிக் காய்ச்சலா (உண்ணி கடித்துப் பரவும் ரத்த நோய்), பல் வலியா, கணையக் கோளாறா என்று பார்க்காமல் சோற்றை மட்டும் கூட்டாதீர்கள். நெடுநாள் பட்டினி என்றால் மருத்துவர் முன்னால்தான் தொடங்க வேண்டும். சங்குக்கு முதல் சில நாள் தேவையில் கால் பங்குதான். குழைந்த சோறும் தோல் நீக்கி வேகவைத்த கோழியும், ஒரு நாளைக்கு ஆறு வேளை. அவர் ரத்தம் எடுத்துப் பார்த்துப் பார்த்துத்தான் கூட்டச் சொன்னார். நெய், கொழுப்பு, எலும்பு கூடாது. கண்காட்சி தேதியை நினைத்து அவசரப்படக் கூடாது.

எடை பார்ப்பது எங்களுக்குச் சிக்கலாக இருந்தது. நான் எதையும் தூக்கக் கூடாது. கோமதி நாயைத் தூக்கிக்கொண்டு எடை மெஷினில் ஏறுவாள், பிறகு தனியாக ஏறுவாள், நான் கழித்துப் பார்ப்பேன். நல்ல நாளில் இருபத்தேழு கிலோ இருந்தவன் முதல் நாள் பதினாறு.

"என் எடைய ஊருக்குச் சொல்லிராதீங்க மாமா" என்றாள். வீடு திரும்பிய பிறகு நான் சிரித்தது அன்றுதான். சிரித்தால் மார்பு வலித்தது.

ஆனால் தெருவில் என்ன பேசினார்கள் என்று எனக்கு அப்போது தெரியாது. சங்குக்கு மாத்திரை வாங்க இருவரும் போன அன்று கோமதியே சொன்னாள். மாமனார் ஆஸ்பத்திரியில் கிடக்கும்போது நாயைப் பட்டினி போட்டவள் என்று பேசினார்களாம். பால் ஊற்ற வருகிறவர்கூட, "வாயில்லா சீவன்மா" என்றாராம்.

"நீ சொல்ல வேண்டியதுதானே, நான்தான் பழக்கினேன்னு."

"சொல்லி? உங்க நாயி ரத்தம் பேசும்னுல்ல ஊரே நம்பிட்டு இருக்கு" என்றாள். பிறகு, "தெனம் அவன் முன்னால உக்காந்து கெஞ்சுவேன் மாமா. என் கையப் பாத்ததும் காலத் தூக்கி வாயத் தேய்ப்பான். அவன் மறக்கல. நானும் மறக்கல" என்றாள்.

இருபது கிலோ ஆனதும் மருத்துவர் என்னை உட்காரவைத்துக் கேட்டார். "உங்க இதயம் எப்படி இருக்கு ஐயா?"

மறைக்கவில்லை. ரத்தத்தை வெளியே தள்ளும் சக்தி பாதிக்குமேல் குறைந்திருக்கிறது என்று மதுரையில் சொன்னதைச் சொன்னேன்.

"அப்ப உங்களுக்குப் பொறவு இவனுக்கு யாரு சோறு போடுவா?"

நான் செத்தால் அவன் சாவான். நான்தான் அப்படிச் செய்துவைத்திருந்தேன்.

அவர் சொன்ன வழி இதுதான். முதலில் இரண்டு பேர் கையும் சேர்ந்து ஊட்ட வேண்டும். பிறகு என் கை விலக வேண்டும். மூன்று வேளை தொடர்ந்து தின்னாவிட்டால் நானே ஊட்டிவிட வேண்டும், அதற்குமேல் பட்டினி தாங்காது.

எங்கள் வீட்டில் மாமனார் கையில் மருமகள் கை படுகிற வழக்கம் இல்லை. காப்பி டம்ளரைக்கூட மேசையில்தான் வைப்பாள். உள்ளங்கையில் சோற்றை வைத்துக்கொண்டு நான் தயங்கினேன். "பரவால்ல மாமா, நீட்டுங்க" என்று அவள் தன் கையை என் கைக்குக் கீழே கொடுத்தாள். துணி மடித்து மடித்து விரல் நுனியெல்லாம் காய்த்துப்போயிருந்தது. பதினோரு வருடம் எனக்குச் சோறு போட்ட கை. சங்கு இரண்டு கையையும் மோந்தான். நடுவிலிருந்த சோற்றை மட்டும் எடுத்துக்கொண்டான்.

பத்து நாள் அப்படி. பதினோராம் நாள் காலையில் நான் உள்ளே போய் ஜன்னலோரம் நின்றுகொண்டேன். கோமதி தனியாக நீட்டினாள். சங்கு பின்வாங்கி, முன்னங்காலால் வாயைத் தேய்த்தான். மதியமும் தின்னவில்லை. அந்த வாரம் கூடியிருந்த நானூறு கிராமும் போய்விடும் என்று கணக்குப் போட்டேன். மூன்றாம் வேளை நான்கு மணிக்கு. மார்புத் தழும்பில் கையை வைத்துக்கொண்டு நின்றேன். தோற்றால் மறுபடியும் என் கைதான். என் கை எத்தனை நாளைக்கு?

கோமதி தரையில் உட்கார்ந்தாள். உருண்டையை நீட்டவில்லை. பாதியைப் பிட்டுத் தன் வாயில் போட்டு மென்றாள். உப்பில்லாத நாய்ச்சோறு.

"பாருலே. காரம் இல்ல. நானே திங்கேன்ல."

இன்னொரு பாதியையும் தின்றாள். அப்புறம் உள்ளங்கையைத் தரையில் விரித்து வைத்துவிட்டு வேறு பக்கம் பார்த்தாள். எவ்வளவு நேரமோ தெரியவில்லை. சங்கு எழுந்து வந்தான். கையை நக்கினான். அவள் வைத்த அடுத்த உருண்டையைத் தின்றான். அவள் அழுவது முதுகில் தெரிந்தது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நாய் வளர்த்துக் குட்டி விற்கும் நண்பர்கள் வந்திருந்தார்கள். பால்காரரையும் உட்காரச் சொன்னேன். மிளகாய்ப்பொடியைப் பற்றி எல்லாவற்றையும் சொன்னேன். கோமதி உள்ளே பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள், சத்தம் நின்றுவிட்டது. ஒருவர், "இத எதுக்குய்யா வெளிய சொல்லுதீரு, குட்டி வாங்கினவன் எங்களையும்ல கேப்பான்" என்று கோபித்துக்கொண்டு போனார். இப்போது வருவதில்லை. பால்காரர் போகும்போது வாசலில் நின்று, "தாயி, தப்பாப் பேசிட்டேன்" என்றார்.

"அதனால என்ன, நாளைலேர்ந்து தண்ணி கொஞ்சம் கம்மியா ஊத்துங்க" என்றாள் கோமதி.

சங்கு இப்போது இருபத்து நான்கு கிலோ. அதற்குமேல் ஏறவில்லை. பின்னங்காலில் பழைய தசை வரவில்லை. கண்காட்சிக்கு இனி போக மாட்டான். அவன் நடையை மட்டுமே பார்த்த நான், இப்போது அவன் மெல்லுவதைப் பார்க்கிறேன். முன்பு எனக்கு நாட்கள் ஒரு கண்காட்சிக்கும் அடுத்த கண்காட்சிக்கும் நடுவில் இருந்தன. இப்போது ஒரு வேளைச் சோற்றுக்கும் அடுத்த வேளைக்கும் நடுவில் இருக்கின்றன. படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. பயம் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன்.

போன வாரம் பரிசோதனைக்காக மதுரையில் இரண்டு நாள் இருக்கச் சொன்னார்கள். முதல் நாள் காலை ஒன்பது மணிக்கு நானே போன் செய்தேன்.

"தின்னானா?"

"தட்டக் காலி பண்ணிட்டு வெயில்ல நீட்டிக் கெடக்கான். உங்களத் தேடக்கூட இல்ல."

கேட்டதும் ஏதோ ஒன்று சுருக்கென்றது. அது பழைய பெருமையின் மிச்சமாக இருக்க வேண்டும்.

"நீங்க சாப்பிட்டீங்களா மாமா?"

"இன்னும் இல்ல."

"அப்ப சாப்பிடுங்க மொதல்ல. வச்சிருதேன்."

கட்டிலருகே இட்லி இருந்தது. யாரோ ஒரு பெண், என் முகத்தைக்கூடப் பார்க்காமல் வைத்துவிட்டுப் போனது. ஆறிப்போயிருந்தது. பிட்டு வாயில் போட்டேன்.