ஒற்றை முடிச்சுப் போத்தலும் பனி மலையும்

ஓக்லாந்தில் பனி விழுந்த வருடம் என்றால் இங்குள்ளவர்களுக்கு உடனே தெரியும், 2011. பெப்ரவரியில் பூமி அதிர்ந்து கிறைஸ்ட்சேர்ச் இடிந்தது. செப்டெம்பரில் ரக்பி உலகக் கோப்பை தொடங்கியது. இரண்டுக்கும் நடுவே, ஆகஸ்டில் ஒரு திங்கட்கிழமை, ஏவன்டேல் வீட்டு வாசலில் நின்ற என் சட்டைக் கையில் ஒரு வெள்ளைத் துகள் விழுந்து, பார்ப்பதற்குள் கரைந்து போனது. பனியைச் சரியாகப் பார்க்கத் தெற்குத் தீவுக்குப் போனது அந்த மாதக் கடைசியில். எனக்கு எழுத வாசிக்கத் தெரியாது. நான் சொல்லச் சொல்ல மகள் வாசுகி தட்டுகிறாள்.

போகக் காரணம் மருமகன். ஒடுங்கிய நீளப் பலகைகளைக் காலில் மாட்டி, இரண்டு தடிகளை ஊன்றி, பனியில் மேடும் சமதரையுமாகத் தள்ளிக்கொண்டு போகும் விளையாட்டு அவருக்குப் பைத்தியம். மலையிலிருந்து சறுக்கி இறங்குவது வேறு. இது மூச்சு வாங்கும் வேலை. வானாகாவுக்குப் பக்கத்து மலையில் நாற்பத்திரண்டு கிலோமீட்டர் போட்டி. வாசுகிக்கு லீவு கிடைக்கவில்லை, என்னை அனுப்பினாள்.

வெள்ளிக்கிழமை காலை 9.10 விமானம். ஆளுக்கு 129 டொலர். பதினொரு மணிக்குக் குவீன்ஸ்டவுன். அங்கிருந்து வாடகைக் கார். டயருக்குப் போடும் சங்கிலிக்குத் தனியாக 30 டொலர். வேண்டாம் என்று மிச்சம் பிடிக்காதீர்கள். மலைப்பாதை வழியாக வானாகா எழுபது கிலோமீட்டர்தான், எங்களுக்கு ஒரு மணி நாற்பது நிமிடம் எடுத்தது. ஓட்டியவர் அந்தோணி. மலேசியாக்காரர், ஈஸ்ட் டாமாக்கியில் மருமகனோடு ஒரே கிடங்கில் வேலை, அவரும் போட்டிக்கு.

மலை ஏற ஏற முன்னால் இருவரும் ஏதோ ஊசி மருந்தைப் பற்றிக் குசுகுசுத்தார்கள். எனக்குக் கண் மங்கல், காது மங்கவில்லை.

"என்ன ஊசி?" என்றேன்.

"பெப்டைட் அங்கிள்," என்றார் அந்தோணி. "இன்டர்நெட்ல வாங்குனது. ஸ்டீராய்டு இல்ல லா, புரோட்டீன் மாதிரிதான். களைப்பு வராது, கால் வலி மறுநாளே போயிடும்."

"போட்டிக்காரர் விடுவினமோ?"

"விட மாட்டாங்க. ஆனா நம்மள யாரு டெஸ்ட் பண்றா?"

"வாசுகிக்குத் தெரியுமோ?"

மருமகன் முன் இருக்கையிலிருந்து திரும்பி என்னைப் பார்த்தார். "சொல்லேல்லை மாமா. நீங்களும் சொல்லாதேங்கோ."

நான் வாயை மூடிக்கொண்டேன். அது என் பிழை.

விடுதி அறை 110 டொலர். மூன்று கட்டில், சின்னக் குளிர்பெட்டி. என் இன்சுலின் பையை அதற்குள் வைத்தோம். என் போத்தல்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டும். குளிர்பெட்டியிலிருந்து எடுத்தால் கையில் வழுக்கும் என்று, பெயர் மறையும்படி வெள்ளைப் பிளாஸ்டர் சுற்றி வைப்பேன். பெயர் தெரிந்தும் எனக்கு என்ன பயன்? கழுத்தில் நூல் கட்டுவேன். காலை மருந்துக்கு ஒரு முடிச்சு, இரவு மருந்துக்கு இரண்டு.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பைக்குள் கை விட்டேன். இரட்டை முடிச்சு இருந்தது. இன்னொரு போத்தல், பிளாஸ்டர் சுற்றியது, அதே பருமன். விரலால் தடவினேன், நூலே இல்லை. ஒற்றை முடிச்சைக் காணவில்லை.

குளியலறைக் கதவு பூட்டியிருந்தது. உள்ளே மருமகன். அந்தோணி கட்டிலில் சட்டைக் கையை மடித்தபடி முறைக்குக் காத்திருந்தார்.

"பெப்டைட் என்ன நிறம்?" என்று கேட்டேன்.

"வெள்ளைப் பவுடர் அங்கிள். தண்ணி விட்டுக் கரைக்கணும். தண்ணி தனிப் போத்தல்ல வரும்."

அப்படியென்றால் பைக்குள் கிடந்த நூலில்லாப் போத்தல்தான் அந்தத் தண்ணீர். கதவில் இரண்டு கையாலும் அடித்தேன். "மருமகன்! குத்திப் போட்டியளோ?"

"அஞ்சு நிமிசம் பொறுங்கோ மாமா."

"பொறுக்கேலாது! உங்கட கையில இருக்கிறது தண்ணியில்லை, என்ர மருந்து!"

கதவு திறந்தது. கைகழுவும் தொட்டி விளிம்பில் சின்னக் குப்பி, அடியில் பவுடர் இன்னும் கட்டியாக. குலுக்கக் கூடாது, தானாகக் கரைய விட வேண்டுமாம். அந்தக் காத்திருப்புத்தான் அவரைக் காப்பாற்றியது. பக்கத்தில் ஊசி, உறை கூடப் பிரிக்கவில்லை. போத்தலின் பிளாஸ்டரை உரித்து வாசித்தவர் அப்படியே நிலத்தில் குந்திவிட்டார்.

வாசுகியின் கண்ணில் படாதிருக்கத் தன் தண்ணீர்ப் போத்தலுக்கும் என்னுடையதைப் போலப் பிளாஸ்டர் சுற்றி, என் பைக்குள் ஒளித்திருக்கிறார். நூலைப் பிசிறு என்று நினைத்தாராம். சீனி வருத்தம் இல்லாத ஆள், வெறும் வயிற்றோடு அதைக் குத்திக்கொண்டு நாற்பத்திரண்டு கிலோமீட்டர் பனிக்குள் போயிருந்தால், எங்கே விழுந்து கிடக்கிறார் என்று தேடத்தான் போயிருப்போம்.

"நான்தான் முதல்ல போடறேன்னேன், இவன் விடல லா," என்றார் அந்தோணி. யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் கழித்து மூவரும் சிரித்தோம்.

எல்லாவற்றையும் தொட்டியில் ஊற்றச் சொன்னேன். இன்னொன்றும் சொன்னேன்: "வாசுகிக்கு இப்பவே சொல்லுங்கோ. இல்லாட்டி நான் சொல்லுவன்." போனில் அவர் எல்லாவற்றையும் சொல்லி முடித்தார். அவள் கேட்டது ஒன்றுதான்: "அப்பா மருந்து போட்டுச் சாப்பிட்டிட்டாரோ?" இதைத் தட்டும்போதும் இப்போது மூக்கை உறிஞ்சுகிறாள்.

போட்டி பத்து மணிக்கு. மருமகன் நாலு மணி பத்து நிமிடத்தில் வந்தார், முந்தின வருடத்தைவிட இருபது நிமிடம் பிந்தி. அந்தோணி அவருக்கும் பின்னால். எல்லைக் கோட்டில் மருமகனின் தலையை நான் கண்ட நேரம், நெஞ்சுக்குள் கிடந்த கல் இறங்கியது. மூன்று நாள் வீட்டுப் படியைப் பின்பக்கமாகத்தான் இறங்கினார். ஒவ்வொரு படிக்கும் "ஐயோ" சத்தம். எனக்கு அது கேட்க இதமாக இருந்தது.

போகிறவர்களுக்கு: ஆகஸ்ட் கடைசி நல்ல காலம். மலையடியிலிருந்து மேலே பதின்மூன்று கிலோமீட்டர் மண் பாதை; காலை எட்டுக்கு முன் ஏறுங்கள். இன்சுலினைக் காரில் விடாதீர்கள், உறைந்தால் வீண். உங்கள் மருந்துப் பைக்குள் வேறு யாரும் எதையும் வைக்க விடாதீர்கள். பெயரில்லாமல் தபாலில் வரும் குப்பியை உடம்புக்குள் விடாதீர்கள். கால் நோவுக்கு இரண்டு நாள் படுத்திருந்தால் போதும்.

அந்த அறையில் மூன்று பேர் இருந்தோம். அந்தோணி 2016இல் ஈரல் வருத்தத்தில் போய்விட்டார். அவர் போட்ட அந்த ஊசிகளாலா என்று ஒரு டொக்டரும் சொல்லவில்லை, நானும் சொல்ல மாட்டேன். என்னைக் கணக்கில் எடுக்காதீர்கள், எண்பத்தாறு ஆகிறது. மிச்சம் இருப்பவர் ஒருவர்தான். இவ்வளவு நேரமும் மருமகன் என்றே சொல்லிவந்தேன். அடுத்த அறையில் பலகைக்கு மெழுகு தேய்த்துக்கொண்டிருக்கிறார். பெயர் சிவனேசன்.